மறுபடியும் அவன் கையில பந்து

கேள்வி: அண்ணே, நான் மலேசியா, பட்டர்வொர்த் ஊரு. ஸ்கூல் தக்ராவ் (வலைக்கு மேல காலால பந்து அடிக்கிற ஆட்டம்) டீம்ல தெக்கோங், அதாவது சர்வீஸ் உதைக்கிறவன். போன மேட்ச்ல எனக்கு சர்வீஸுக்கு கையால பந்து போட்டுக் குடுக்குற ஃபிரெண்டு சொதப்பி தோத்துட்டோம், இப்ப அவன் கையில பந்தப் பாத்தாலே பயமா இருக்கு. சர்ச்ல சொல்ற விசுவாசமும் அவன நம்புறதும் ஒன்னா?

பதில்: தம்பி, நானும் தெக்கோங்கா ஆடுனவன்தான், அந்த பயம் எனக்கும் தெரியும். ஒரு கால் வட்டத்துக்குள்ள ஊனியிருக்கணும், இன்னொரு கால் தூக்கணும், பந்து எங்க வரும்னு அவன் கைதான் முடிவு பண்ணுது, அவன நம்பாம நீ அரை செகண்ட் தயங்குனா சர்வீஸ் போச்சு, அதுல அவன் தப்பு பாதி, உன் தப்பு பாதி. மூனு பேர் ஆடுற ஆட்டத்துல ஒளிய இடமே இல்ல லா.

ரெண்டும் ஒன்னுன்னு சொல்ல மாட்டேன். கர்த்தர் கைவிட மாட்டார்னு நம்புறது வேற, தவறுவான்னு தெரிஞ்ச மனுசன நம்புறது வேற. ஆனா இயேசுவோட சீஷன் பேதுருவ பாரு. மூனு தடவ இயேசுவ தெரியாதுன்னுட்டான், அதுவும் கரி நெருப்புல குளிர் காஞ்சிக்கிட்டே. அப்புறம் கடற்கரையில, அங்கயும் கரி நெருப்பு, இயேசு மூனு தடவ "என்ன நேசிக்கிறியா"ன்னு கேட்டு, ஆடுகள மேய்க்கிற வேலைய அவன்கிட்டயே குடுத்தாரு. பைபிள்ல யோவான் 21, இன்னிக்கு ராத்திரி படி. எனக்கு ரொம்பப் புடிச்ச அதிகாரம்.

நாளைக்கு டிரெய்னிங்ல நீயே அவன கூப்பிட்டு அம்பது பந்து போடச் சொல்லு. மொதல்ல அவன்கிட்ட பேசு, போன மேட்ச பத்தி வேணாம், சாப்டியான்னு கேளு.