வள்ளியும் வல்லியும்

வணக்கம் ஐயா,

பத்து நாட்களுக்கு முன் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. காலமான என் அம்மாவின் பெயர் வள்ளியம்மாள். குழந்தைக்கு வள்ளி என்றே வைக்கலாம் என்று எனக்கு ஆசை. மனைவி வீட்டில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ‘அது கிழங்குப் பெயர், பட்டிக்காட்டுப் பெயர்’ என்பது ஒன்று. ‘வல்லி என்பதுதான் சரியான சொல், வள்ளி அதன் கொச்சை’ என்பது இன்னொன்று. அம்மாவின் ஓய்வூதியப் புத்தகத்திலும் வல்லியம்மாள் என்றுதான் இருக்கிறது. எது சரி?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

குழந்தைக்கு என் அன்பு. கிழங்கு என்று சொன்னவர்களோடு சண்டை போடாதீர்கள். அவர்கள் சொல்வது உண்மை. அதைக் குறையாகச் சொல்வதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை.

வள்ளி என்றால் கொடி. குறிப்பாக, மலைச்சரிவில் படர்ந்து மண்ணுக்குள் கிழங்கு வைக்கும் கொடி. பாரியின் பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டபோது, உழவர் உழாமலே அந்த மலையில் விளைபவை நான்கு என்று கபிலர் கணக்குச் சொல்கிறார் (புறநானூறு 109). மூங்கில் நெல், பலாப்பழம், தேன், அப்புறம் ‘கொழுங்கொடி வள்ளிக் கிழங்கு’. முற்றுகைக்குள் இருந்த சனத்துக்குச் சோறு போட்ட பொருள் அது.

இன்று வள்ளிக்கிழங்கு என்றதும் நினைவுக்கு வரும் சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் கபிலர் கண்டிராதவை. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்தவை. வந்த கிழங்குகளுக்குப் புதுப்பெயர் தேடாமல் நம்மவர்கள் பழைய வள்ளியோடு ஓர் அடைமொழியைச் சேர்த்துவிட்டார்கள். கபிலர் சொன்னது சிறுவள்ளிக்கிழங்கு போன்ற காட்டுக் கிழங்கு வகை.

அந்தக் கொடியின் பெயர் எப்போது ஒரு பெண்ணின் பெயராயிற்று? சங்கப் பாடல்களிலேயே ஆகிவிட்டது. ‘முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல நின் உருவு கண் எறிப்ப’ என்கிறான் நற்றிணையின் (82) தலைவன். முருகனோடு கூடி நடந்த வள்ளியைப் போல உன் உருவம் கண்ணைக் கூசச் செய்கிறது, என்னால் பார்க்க முடியவில்லை என்கிறான். காதலியைப் புகழ அந்தக் காலத்திலேயே இந்தப் பெயர் போதுமானதாக இருந்திருக்கிறது. திருமுருகாற்றுப்படை அவளைக் ‘கொடிபோல் நுசுப்பின் மடவரல் வள்ளி’ என்கிறது. நுசுப்பு என்றால் இடை. பெயரின் பொருளையே உவமையாக்கிய குறும்பு அது.

தொல்காப்பியத்தில் ‘வாடா வள்ளி’ என்று ஒரு தொடர் வருகிறது. வாடாத கொடி எது? வள்ளிக்கூத்து என்கிறார்கள் உரைகாரர்கள். கொடி வாடும், கூத்து வாடாது. இலக்கணத்துக்குள் இப்படி ஒரு விடுகதை ஒளிந்திருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

பெயர்க்காரணத்தைக் கதையாகவே சொல்வது கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம். குறவர்கள் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் மான் ஈன்ற குழந்தை கிடக்கிறது. நம்பிராஜன் எடுத்து வளர்க்கிறான், குழியை வைத்தே பெயரும் அமைகிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட புராணம் அது. சூரனை அழித்து, தெய்வயானையை மணந்து எல்லாம் முடிந்த பிறகு, கடைசிப் படலமாக வருவது வள்ளியின் திருமணம். அந்தத் தேவசேனாபதி இவளுக்காக வேடனாகிறார், வேங்கை மரமாகிறார், கிழவனாகிறார். அதுவும் பலிக்காமல் அண்ணனை யானையாக வரச்சொல்ல வேண்டியிருக்கிறது.

மேடையில் வள்ளி இன்னும் கெட்டிக்காரி. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வள்ளி திருமணத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கூட்டம் காத்திருப்பது தர்க்கக் காட்சிக்குத்தான். தினைப்புனத்தில் வழிமறிக்கும் முருகனை வள்ளி கேள்வியால் மடக்க வேண்டும். பதில் சொல்லத் தடுமாறும் நடிகைக்கு அடுத்த ஊரில் அழைப்பு வராது.

இனி வல்லி. இதுவும் கொடிதான். வடமொழியிலும் அந்தச் சொல் உண்டு. அமிர்தவல்லி, குமுதவல்லி, மரகதவல்லி என்று அம்மன் பெயர்களின் வாலாக வருவது அதுதான். தனியாக நிற்பது குறைவு. பொருள் ஒன்றாக இருப்பதால் ஒன்று மற்றதன் கொச்சை ஆகிவிடாது. குறமகளின் பெயருக்குச் சங்கப் பாடல் முதல் திருப்புகழ் வரை ளகரம்தான். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்துகளாகிவிடும். அதைப் பார்த்து மறுபடி தமிழில் எழுதியவர் உங்கள் அம்மாவை வல்லியம்மாள் ஆக்கியிருப்பார் என்பது என் ஊகம்.

பட்டிக்காட்டுப் பெயர் என்பவர்களுக்கு ஒரு செய்தி. தில்லையாடி வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க் நகரில், 1898-இல். காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, சில நாட்களில் பதினாறு வயதில் இறந்தாள். சிறை சென்றதற்கு வருத்தப்படுகிறாயா என்று காந்தி கேட்டதற்கு, இப்போது கைது செய்தாலும் போவேன் என்றாள். குழிக்குள் கிடைத்தவளின் பெயர் கடல் தாண்டிப் போயிருக்கிறது. ஆண்களையும் அது விடவில்லை. வள்ளியப்பன், வள்ளிநாயகம் என்று வீட்டுக்கு வீடு இருந்தார்கள்.

செந்திலின் மகளுக்கு வள்ளி என்று பெயரா என்று யாராவது குறும்பு பேசினால் விடுங்கள். வள்ளியம்மாள் தன் மகனுக்குச் செந்தில் என்று வைத்தபோதே உங்கள் வீடு அந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டது.

என் பங்குக்கு நான் வைக்கச் சொல்வேன். முடிவு உங்கள் இருவருடையது. வைத்தால், பிறப்புச் சான்றிதழை வாங்கும்போதே ‘ள’ சரியாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள்.