பத்திரம் பதிந்தும் பட்டா மாறவில்லையா? சேலம் மாவட்டக் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (ஓமலூர்): அண்ணா, நிலம் வாங்கிப் பத்திரம் பதிந்தாச்சு. பட்டா தானாக மாறிவிடும் என்றார்கள். இன்னும் விற்றவரின் அப்பா பெயரே இருக்கிறதே?

பதில்: சிக்கலே அந்த அப்பா பெயர்தான் தம்பி. பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 மென்பொருள் 2018-ல் வந்தது. அது வருவாய்த்துறையின் 'தமிழ் நிலம்' மென்பொருளோடு இணைந்தது. விற்றவர் பெயரிலேயே பட்டா இருந்து, சர்வே எண் முழுசாகக் கைமாறினால் பட்டா தானாக மாறும். இல்லையென்றால் தாலுகா அலுவலகத்தில் விசாரணைக்குப் போய் நிற்கும். பட்டாவில் 'மு. பழனி', பத்திரத்தில் 'பழனிசாமி' என்று இருந்தால், ஊர் விஏஓவுக்கு ஆள் யாரென்று தெரியும். கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு பேர். விற்றவரிடம் அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப் பத்திர நகல் வாங்கி மனுவோடு கொடுங்கள். நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால், சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்த பிறகுதான் பட்டா.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: வில்லங்கச் சான்றோடு நிறுத்தாதீர்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் சிட்டாவை (நிலம் யார் பெயரில் என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவு) எடுத்து, எழுத்து எழுத்தாகப் பெயரை ஒப்பிடுங்கள்.

கேள்வி (ஏற்காடு): வருமானச் சான்றுக்கு இ-சேவையில் போட்டோம். மலையிலிருந்து இறங்கிச் சேலம் போய் விசாரிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம் அக்கா. ஏற்காடே தனித் தாலுகா, தாசில்தார் அங்கேயே இருக்கிறார். ஒப்புகைச் சீட்டிலுள்ள விண்ணப்ப எண்ணை இ-சேவைத் தளத்தில் போட்டால் விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று யாரிடம் நிற்கிறது என்பது தெரியும். அவரை மட்டும் போய்ப் பாருங்கள்.

கேள்வி (அம்மாபேட்டை): டிஜிலாக்கரில் (அரசின் மின்னணு ஆவணப் பெட்டகம்) உள்ள சான்றிதழைக் காட்டினால் ஒரிஜினல் கேட்கிறார்கள், சார்.

பதில்: வழங்கிய துறையிடமிருந்தே டிஜிலாக்கருக்கு வந்த ஆவணம் ஒரிஜினலுக்குச் சமம் என்று 2017-லேயே விதி வந்துவிட்டது. ஆனால் நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு இல்லை. 'வழங்கப்பட்ட ஆவணங்கள்' பகுதியைத் திறந்து காட்டுங்கள்.

கேள்வி (ஆத்தூர்): ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனுவை வேறு துறைக்கு அனுப்பிவிட்டேன். வீணா?

பதில்: வீணில்லை. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(3) பிரிவுப்படி, அவர்களே 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்பி, உங்களுக்கும் தகவல் சொல்ல வேண்டும். துறைக்குத் துறை தாள் அனுப்ப வேண்டியது அரசின் வேலை, மனுதாரரின் வேலை அல்ல. திருப்பி அனுப்பினால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மேல்முறையீடு செய்யுங்கள்.