மலாய்ச் சொற்கள் கலந்ததால் மலேசியத் தமிழ் அழிந்துவிடுமா?

கேள்வி: மலேசியத் தமிழர்களின் பேச்சில் மலாய்ச் சொற்கள் ஏராளமாகக் கலந்திருக்கின்றன. இப்படியே போனால் அங்கே தமிழ் அழிந்துவிடாதா? நலிந்துபோன ஒரு மொழியை மறுபடி உயிர்ப்பிக்க முடியுமா?

கலப்பினால் அழியாது. ஆனால் அழிவதற்கு வேறொரு வழி இருக்கிறது. அதை என் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரி. மலாயில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. ஊருக்கு வெளியே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அம்மா முப்பது ஆண்டுக்கும் மேலாகப் பால்வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பி மகன் ஒரு பேச்சுப் போட்டியில் தன் பாட்டியைப் பற்றிப் பேசினான். "விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை நிரையாக மரம் வெட்டி, மங்கில் சொட்டும் பாலைச் சேர்த்து, காண்டாவில் தூக்கி வந்தார்" என்று அவன் சொன்னபோது முன்வரிசையில் இருந்த அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரட்டு என்றால் வேலைக்குமுன் ஆள் கணக்கெடுப்பது. நடுவர் புள்ளி குறைத்துவிட்டார். மங்கு தமிழ்ச் சொல் அன்று, கோப்பை என்று சொல்லியிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பையன் வீட்டுக்கு வரும் வழியில், "அத்தை, இனிமேல் நான் மேடை ஏற மாட்டேன்" என்று சொன்னான். அதை மலாயில் சொன்னான்.

மங்கு என்பது மலாய்ச் சொல்தான். மங்கோக், அதாவது கிண்ணம். பால்மரத்தின் வெட்டுக்கோட்டுக்குக் கீழே கம்பி வளையத்தில் உட்கார்ந்திருக்கும் சின்னக் கிண்ணத்துக்கு எங்கள் பாட்டிமார் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். கப்பலேறி வந்தபோது அவர்களுக்கு ரப்பர் மரமே புதிது. அதற்கான கிண்ணத்துக்குப் பெயர் எங்கிருந்து கொண்டுவருவார்கள்? பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் கம்புக்கு அவர்கள் சொன்ன காண்டாவும் அப்படி வந்ததுதான். நாசி கண்டார் சோற்றுக்கடைப் பெயரில் இருப்பதும் அதே சொல். மங்கு இங்கேயே நின்றுவிடவும் இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் எனாமல் பாத்திரங்களை மங்குச் சாமான் என்பார்கள். கொண்டுவிற்கப் போனவர்கள் பாத்திரத்தோடு பெயரையும் ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

சரி, நடுவர் பரிந்துரைத்த கோப்பை? அது போர்த்துக்கீசியம். கோப்போ என்ற சொல்லிலிருந்து வந்தது. அது தமிழுக்குள் வந்து பல தலைமுறை ஆகிவிட்டதால் நம்மில் ஒருவரும் அதை அந்நியமாக நினைப்பதில்லை, அவ்வளவுதான். ஜன்னலும் அலமாரியும் சாவியும் அந்த வீட்டிலிருந்து வந்தவையே. மலாய்க்காரர்கள் ஜன்னலை ஜெண்டேலா என்கிறார்கள், அலமாரியை அல்மாரி என்கிறார்கள்; போர்த்துக்கீசியர் 1511-இல் மலாக்காவைப் பிடித்தவர்கள், நம் கடற்கரைகளிலும் இறங்கியவர்கள். ஒரே மரத்தின் விதை இரண்டு முற்றங்களில் முளைத்திருக்கிறது.

வாங்கியதை மட்டும் எண்ணிக் கவலைப்படுகிறவர்கள் கொடுத்ததையும் கொஞ்சம் எண்ண வேண்டும். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் வரிசையாக நிற்கும் பெயர்ப்பலகைகளில் கெடாய், கெடாய் என்றுதான் இருக்கும். அது நம் கடை. மலாயில் கப்பலுக்குக் காப்பால், பெட்டிக்குப் பெத்தி, கட்டிலுக்குக் காத்தில், வியாபாரத்தில் போடும் முதலுக்கு மோடால். இத்தனையையும் வாங்கிக்கொண்ட மலாய் அழிந்துவிட்டதா? ஒரு நாட்டின் தேசிய மொழியாகச் செழித்து நிற்கிறது.

அப்படியானால் மொழி எப்படித்தான் அழிகிறது? மலாக்காவுக்குப் போய்ப் பாருங்கள். சுல்தான்கள் காலத்தில் வாணிகத்துக்கு வந்து தங்கிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே இருக்கிறார்கள், மலாக்கா செட்டிகள். அவர்கள் காத்துவரும் பொய்யாத விநாயகர் கோயில் 1781-இல் எழுந்தது. பொங்கலுக்கு முந்திய நாள் முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுகிறார்கள். விபூதி இருக்கிறது, மாரியம்மன் இருக்கிறாள், தமிழ் மட்டும் இல்லை. வீட்டில் பேசுவது மலாய். வந்த ஆண்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள், தாயின் மொழி பிள்ளையின் மொழியாயிற்று. அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அவர்களுடைய பக்தி நம்மைவிட ஒரு பிடி கூடுதல் என்றே சொல்வேன். ஆனால் ஒன்று தெளிவாகிறது: கோயிலால் மட்டும் மொழியைக் காப்பாற்ற முடியாது.

தோட்டத்தில் தமிழ் ஏன் தங்கியது என்பதற்கு நாங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் தமிழ்ப்பற்று. பற்று இருந்தது, மறுக்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது கூலிக்காசிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்கள் எங்கள் ஆட்கள். ஆனாலும் உண்மையான காரணம் வேலி. தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடு, பெரட்டுக்களம், வேலைக்காடு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, பள்ளி, கோயில், கள்ளுக்கடை எல்லாம் ஒரே வேலிக்குள். கங்காணி தமிழர், கணக்கெழுதும் கிராணி பெரும்பாலும் தமிழ் தெரிந்தவர், துரைகூடச் சில தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொண்டுதான் அதட்டினார். காலை நான்கரை மணி முதல் இரவு வரை வேறு மொழிக்கு வேலையே இல்லை. எங்களை ஏழைகளாக வைத்திருந்த அதே வேலிதான் மொழியையும் உள்ளே வைத்திருந்தது. அந்த வேலிக்குள் தமிழே மற்ற மொழிகளை விழுங்கியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் லயனில் கடைசி வீடு ஒரு தெலுங்குப் பாட்டியின் வீடு. அவர் தெலுங்கில் பேசினால் பேரப்பிள்ளைகள் தமிழில் பதில் சொல்வார்கள். அவர் இறந்த பிறகு அந்த வீட்டில் தெலுங்கைக் கேட்டதில்லை. அன்று எனக்கு அது ஒரு இழப்பாகவே தோன்றவில்லை. இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை என்ற சொல்லை ஒருமுறை நின்று பாருங்கள். எங்கிருந்தோ வந்த எண்ணெய்ப் பனைக்கு இந்த மண்ணின் தமிழர் வைத்த பெயர். பழக்குலையின் நிறத்தைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். அது புதுச்சொல் என்ற நினைப்பே இல்லாமல் எல்லோரும் சொல்கிறோம், ஏனென்றால் அதன் நிழலில் வேலை செய்தோம். காருக்கு ஆக்கிய மகிழுந்து அப்படி ஒட்டவில்லை. பாடப்புத்தகத்திலும் நாளிதழிலும் மகிழுந்து ஓடுகிறது, வாசலில் நிற்பது, எங்கள் பேச்சில், காடிதான். புதுச்சொல் ஆக்குவதை நான் எதிர்க்கவில்லை. நீங்கள் இந்தப் பதிலைப் படிக்கும் இணையத்துக்கு அந்தப் பெயரைத் தந்தவர் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, இன்று தமிழுலகம் முழுவதும் அதைச் சொல்கிறது. புழங்கும் இடம் கிடைத்த சொல் நிற்கிறது, கிடைக்காத சொல் அகராதியில் தூங்குகிறது.

எங்கள் தோட்டம் கைமாறியது, லயன்கள் இடிபட்டன, நாங்கள் தாமானுக்கு வந்தோம். புதிய குடியிருப்புப் பகுதியைத் தாமான் என்போம். மலாயில் அதன் நேர்ப்பொருள் தோட்டம். தோட்டத்தை விட்டுத் தோட்டத்துக்கு வந்திருக்கிறோம், ஆனால் பெயர் மாறும்போது பேச்சும் மாறிவிட்டது. பக்கத்து வீடு மலாய்க் குடும்பம், எதிர்வீடு சீனக் குடும்பம். நல்ல அண்டை வீட்டார், அவர்களோடு பிள்ளைகள் மலாயில் விளையாடுவது நல்லதுதான். என்னைக் கலங்கவைத்தது வேறு. ஒருநாள் தமிழ்ப்பள்ளிக்கு வெளியே தம்பி மகனுக்காகக் காத்திருந்தேன். இரண்டு தமிழ்ப் பையன்கள் பந்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சண்டை முழுவதும் மலாயில். ஆசிரியர் வந்ததும் தமிழுக்கு மாறினார்கள். அன்றிலிருந்து நான் ஒரு பிள்ளையின் மொழி எது என்று அறிய அவன் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை; எந்த மொழியில் சண்டை போடுகிறான் என்று பார்க்கிறேன். 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ் வகுப்பின் தொடர்ச்சியாக இந்த நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவை நமக்குக் கிடைத்த பெரும் செல்வம். ஆனால் வகுப்பறையில் மட்டும் வாழும் மொழிக்கு மணியடித்தால் விடுமுறை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மீட்க முடியும், மீட்டிருக்கிறார்கள். எலியேசர் பென் யெஹுதா 1881-இல் எருசலேமுக்குக் குடிபோய், அடுத்த ஆண்டு பிறந்த தன் மகனிடம் எபிரேயம் மட்டுமே பேசுவது என்று உறுதிகொண்டார். வழிபாட்டிலும் ஏட்டிலும் வாழ்ந்த மொழி தொட்டிலுக்கு வந்தது. தேவைப்பட்ட இடத்தில் அவர் அரபியிலிருந்து தயங்காமல் சொல் எடுத்தார் என்பதைத் தூய்மை பேசுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

என் மனத்துக்கு நெருக்கமானது மான் தீவின் கதை. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே ஒரு சின்னத் தீவு. 1948-இல், எங்கள் ஊர்த் தோட்டங்களில் துரைமார் சுடப்பட்டு நாடே அவசரகாலத்துக்குள் போன அதே ஆண்டில், அங்கே மிச்சமிருந்த சில முதியவர்களின் பேச்சை, அந்தத் தீவின் மொழியான மாங்ஸை, ஒலிப்பதிவு செய்தார்கள். அவர்களில் கடைசியாக இருந்த நெட் மாட்ரெல் 1974-இல் காலமானார். ஆனால் அவரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்ட இளைஞர்கள் விடவில்லை. 2001-இல் அந்த மொழியிலேயே நடக்கும் தொடக்கப்பள்ளி வந்தது. 2009-இல் யுனெஸ்கோ மாங்ஸ் மொழி அழிந்துவிட்டது என்று பட்டியலிட்டபோது அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கடிதம் எழுதினார்கள்: எங்கள் மொழி அழிந்துவிட்டது என்றால் நாங்கள் இந்தக் கடிதத்தை எந்த மொழியில் எழுதுவது? யுனெஸ்கோ பட்டியலைத் திருத்தியது.

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982-இல் தொடங்கியதைத்தான் நான் என் அளவில் பின்பற்றுகிறேன். கோஹாங்கா ரெயோ, அதாவது மொழிக் கூடு. மொழி தெரிந்த பாட்டி தாத்தாக்களிடம் குழந்தைகளை விட்டுவிடுவது. இலக்கணப் பாடம் கிடையாது. சோறு, பாட்டு, விளையாட்டு, அதட்டல் எல்லாம் மாவோரியில். ஐந்து ஆண்டுகளில், 1987-இல், மாவோரி அந்நாட்டின் அதிகாரபூர்வ மொழியானது.

எங்கள் தாமான் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுகிறார்கள். நடத்துவது அம்மாவும் அவரோடு மரம் வெட்டிய இரண்டு பாட்டிமாரும். நான் பசியாற இட்டிலி அவிப்பதோடு சரி. முதல் நாள் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கக் கூடாது, வேலை கொடுக்க வேண்டும் என்று அம்மா சொன்னார். அது என் மூளைக்கு எட்டவே இல்லை. பூத்தொடுப்பது, தேங்காய் துருவுவது, கோலம் போடுவது. கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. தம்பி மகன் முதல் மாதம் தூணோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். இப்போது சிறுவர்களை அவன்தான் அதட்டுகிறான், தமிழில்.

ஒரு வாரம் அம்மா தன் பெட்டியிலிருந்து ஒரு மங்கைக் கொண்டுவந்தார். செம்மண் நிறம், உட்பக்கம் வழவழப்பான பூச்சு, விளிம்பில் ஒரு பல் உடைந்திருக்கிறது. அடியில் காய்ந்த ஒட்டுப்பால் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் அந்தப் புளித்த வாடை இன்னும் லேசாக வருகிறது. தோட்டத்தை விட்டு வரும்போது மரத்திலிருந்து கழற்றி எடுத்தாராம், என்னிடம்கூடச் சொல்லவில்லை. பிள்ளைகள் அதைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள். "பாட்டி, இப்போது இதை எதற்கு வைத்துக்கொள்வது?" என்று ஏழு வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் அதில் தண்ணீர் ஊற்றி, வண்ணத் தூரிகை கழுவ அவள் பக்கத்தில் வைத்தார்.

இப்போது அங்கே தூரிகை கழுவும் எதற்கும் பெயர் மங்குதான். சென்ற சனிக்கிழமை அந்தப் பெண் கையில் ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பாவோடு, "யார் என் மங்கில் சிவப்பைக் கலந்தது?" என்று பக்கத்துப் பையனோடு சண்டைக்கு நின்றாள்.