ஆறு இருக்கட்டும், தேங்கின தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: மினசோட்டா மாநிலம் ராச்செஸ்டரில் இருக்கிறோம். எங்கள் பெண் லாப்ரடார் கருப்பிக்கு இரண்டரை வயது. செப்டம்பர் தொடக்கத்தில் ஐந்து நாள் டீல் வாத்து வேட்டை சீசன் திறக்கிறது. உடன் வேலை பார்க்கும் அமெரிக்க நண்பர் வினோனா பக்கம் மிசிசிப்பி ஆற்றுக்குக் கூப்பிடுகிறார். சுடுவது அவர், விழுந்ததை எடுத்து வருவது கருப்பி. நீச்சல் குளத்தில் பந்து எறிந்தால் நாள் முழுக்க எடுத்து வருவாள். ஆனால் மிசிசிப்பி பெரிய ஆறு, இழுத்துக்கொண்டு போய்விடுமோ என்று என் மனைவிக்குப் பயம். எனக்கும்தான். ஒரு பயிற்சியாளர், "நாலு வாரம் என்னிடம் விடுங்கள், 2,400 டாலர், வேட்டை நாயாகத் திருப்பித் தருகிறேன்" என்கிறார். இல்லையென்றால் ஏற்கெனவே பழக்கிய மூன்று வயது நாய் ஒன்றை வாங்கித் தருவாராம். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: கூட்டிப் போகலாம். ஆனால் நான் கீழே சொல்வதில் ஒன்று சரியில்லை என்றாலும் அந்த ஐந்து நாளை விட்டுவிடுங்கள். செப்டம்பர் கடைசியில் முழு சீசன் திறந்து, கொஞ்சம் குளிர் விழுந்த பிறகு போய்க்கொள்ளலாம். கருப்பிக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

முதலில் உங்கள் பயம். அதற்கு ஒரு குச்சி போதும். நிற்கப்போகிற இடத்தில் குச்சியை ஆற்றில் எறிந்துவிட்டு, கரையோரமாக அதனுடன் நடந்து பாருங்கள். சாவகாசமாக நடந்தாலே அதற்குச் சமமாகப் போக முடிகிறதென்றால் கருப்பி நீந்தித் திரும்பிவிடுவாள். எட்டி நடை போட வேண்டியிருந்தால் அங்கே அவளை அனுப்ப வேண்டாம். அடுத்தது, அவள் ஏறும் கரை. குதித்த இடத்திலேயே எந்த நாயும் ஏறாது, ஓட்டம் கொஞ்சம் கீழே தள்ளிவிடும். அந்தக் கீழ்ப்பக்கம் மணல் சரிவாக இருக்க வேண்டும். விழுந்த மரம் கிளையோடு தண்ணீரில் கிடக்கிற இடமாக இருக்கக் கூடாது. தண்ணீர் கிளைக்குள் புகுந்து போய்விடும், நாய் மாட்டிக்கொள்ளும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டே அனுப்புங்கள். இன்னொன்று, கப்பல் போக நடு ஆறு ஆழமாக இருக்கட்டும் என்று கரையிலிருந்து உள்ளே நீட்டிப் போட்ட பழைய கல் வரப்புகள் அங்கே நிறைய. தண்ணீருக்கு அடியில் கிடப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அவற்றின் பக்கம் வேண்டாம். வாத்து நடு ஓட்டத்தில் விழுந்தால் நண்பர் படகை எடுக்கட்டும். சுட்ட பறவையை மீட்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நாயை அனுப்பித்தான் மீட்க வேண்டும் என்று சொல்லவில்லை.

ஆற்றோட்டம் அவ்வளவுதான். இனி நீங்கள் கேட்காததற்கு வருகிறேன்.

ஓட்டத்துக்குப் பயப்படும் உங்களை உங்கள் நண்பர் எங்கே கூட்டிப் போவார்? ஓடாத இடத்துக்கு. தீவுகளுக்குப் பின்னால் தேங்கிக் கிடக்கும் உப்பங்கழி மாதிரியான தண்ணீருக்கு. டீல் வாத்தும் அங்கேதான் இறங்கும். (வேடந்தாங்கலுக்குக் குளிர்காலத்தில் வரும் நீலச்சிறகிக்கு இது நெருங்கிய சொந்தம்.) செப்டம்பர் தொடக்கத்தில் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், நீலப்பச்சைப் பாசி படரும். பச்சைப் பெயின்ட்டைக் கொட்டிக் கலக்கினது போல இருக்கும். காற்று அதை ஒரு கரையில் ஒதுக்கிச் சேர்த்துவைக்கும். எல்லாப் பாசியும் விஷம் இல்லை. ஆனால் எது விஷம் என்று பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது, உங்கள் நண்பராலும் முடியாது. விஷமாக இருந்தால் ஒரு வகை ஈரலைத் தாக்கும், இன்னொரு வகை நரம்பைத் தாக்கும். மாற்று மருந்து கிடையாது.

எங்கள் கிளினிக்குக்கு ஒரு செப்டம்பர் காலை பதினொரு மணிக்கு ஒரு லாப்ரடாரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வாயில் எச்சில் ஒழுகுகிறது, நிற்க முடியவில்லை. மார்பு முடியில் ஒரு கோடு, காய்ந்து பச்சையாக ஒட்டியிருந்தது. "அந்தத் தண்ணீரைக் குடிக்கவே இல்லை டாக்டர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார் அந்த மனிதர். அவர் சொன்னது உண்மைதான். கரையேறி, வண்டியில் படுத்துக்கொண்டு, உடம்பை நக்கியிருக்கிறது. நாங்கள் ஊசி போட்டு முடிப்பதற்குள் வலிப்பு வந்துவிட்டது. பிழைக்கவில்லை. அந்தப் படகுத் துறையில் எச்சரிக்கைப் பலகை வந்தது அடுத்த வாரம். மனிதர்கள் குளிக்கிற ஏரிக்கரை மாதிரி இடங்களில் தண்ணீரை எடுத்துச் சோதிக்கிறார்கள். நாய் இறங்குகிற கழியை யார் சோதிக்கிறார்கள்? ஒரு நாய் செத்தால்தான் இவர்களுக்குப் பலகை எழுத மை கிடைக்கும் போல.

அதனால் பச்சை தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். தெளிவாக இருந்தாலும், வீட்டிலிருந்து இருபது லிட்டர் கேன் ஒன்றில் நல்ல தண்ணீர் கொண்டு போங்கள். இறங்கும் முன் வயிறு நிறையக் குடிக்கக் கொடுங்கள். கடைசியாகக் கரையேறியதும், உடம்பை நக்குவதற்கு முன், அதே தண்ணீரை ஊற்றி அலசிவிடுங்கள்.

அடுத்தது வெயில். தண்ணீரில் இருக்கிற நாய்க்குச் சூடு ஏறாது என்று நினைப்பார்கள். ஏறும். லாப்ரடார் குஷியில் தன் உடம்பையே மறந்துவிடும் ஜாதி. கடைக்காரர் உங்கள் தலையில் கட்டப் பார்க்கும் நியோப்ரீன் (தடித்த ரப்பர்) நாய்ச் சட்டை அக்டோபர், நவம்பருக்கானது. இப்போது போட்டால் உடம்பு வெந்துபோகும், கிளையிலும் மாட்டும். சூரியன் ஏறுவதற்கு முன் ஒரு மணி நேரம், நாலைந்து தடவை எடுத்து வந்தால் போதும். நாக்கு அகலமாகி நுனி மேலே வளைந்தால், எச்சில் கெட்டியாகிக் கயிறு மாதிரி தொங்கினால், திரும்பி வர மெதுவானால் அன்றைக்கு அவ்வளவுதான். நாய்க்கு உடம்புச் சூடு சாதாரணமாக 39 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இருக்கும். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. அப்போது முதலில் தண்ணீரை ஊற்றிக் குளிர வையுங்கள், அப்புறம் வண்டியை எடுங்கள். குளிர வைக்காமல் வண்டியை விரட்டி வந்த நாய்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இப்போது அந்தப் பயிற்சியாளர். நாலு வாரத்தில் வேட்டை நாயா? நாலு வாரத்தில் "உட்கார்" என்றால் உட்காரும், கூப்பிட்டால் வரும். வெடிச் சத்தம் கேட்டும் படகில் அசையாமல் இருக்கிற நாயை உருவாக்க மாதக் கணக்காகும். அவசரப்படுத்தினால் மின்சாரக் கழுத்துப் பட்டையைத்தான் அழுத்துவார்கள். பிறகு அந்த நாயை என்னிடம் கொண்டு வந்து, தண்ணீரைக் கண்டாலே ஏன் நடுங்குகிறது என்று கேட்பார்கள். நீங்கள் பார்க்கப் பார்க்கப் பழக்குகிற ஆளாக இருந்தால் பேசுங்கள். விட்டுவிட்டுப் போங்கள் என்பவரிடம் விடாதீர்கள். இதே ஆள் "நானே படகில் கூட்டிப் போகிறேன், நாளுக்கு இவ்வளவு" என்று அடுத்து ஆரம்பிப்பார். வினோனா பக்கத்துக் கழிகளில் பெரும்பகுதி 1924இல் அமைத்த மேல் மிசிசிப்பி தேசியப் புகலிடத்துக்குள் வருகிறது. அங்கே காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டத் தனி அனுமதி வேண்டும். காட்டுங்கள் என்று கேளுங்கள், பேச்சு மாறும்.

தயார் நாய் விஷயத்தில் இதைவிடக் கவனம் வேண்டும். அதன் தாத்தா பாட்டி வாங்கின பட்டங்களை எல்லாம் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஒரே ஒரு காகிதம், ஈஐசி சோதனை முடிவு. ஈஐசி என்பது லாப்ரடார்களில் இருக்கிற ஒரு மரபுக் கோளாறு. வீட்டில் நன்றாக ஓடியாடும் நாய், குஷியும் கடும் உழைப்பும் சேர்ந்து பத்து நிமிடம் ஆனதும் பின்னங்கால் துவண்டு விழும். அரை மணியில் எழுந்துவிடும். ஆனால் நடுத்தண்ணீரில் துவண்டால் மூழ்கிவிடும். கோளாறு எந்த மரபணுவில் என்று மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள்தான் 2008இல் மற்றவர்களோடு சேர்ந்து கண்டுபிடித்தார்கள். கன்னத்து உள்பக்கம் பஞ்சால் துடைத்து அனுப்பினால் போதும். கருப்பிக்கும் இந்த வாரமே அனுப்புங்கள்.

முடிவு மூன்று விதமாக வரும். கோளாறு இல்லை. கோளாறு உண்டு. நடுவில், "சுமப்பது". இந்த நடு விஷயத்தில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். கோளாறு வர அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு கெட்ட பிரதி சேர வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் அது சுமக்கும் நாய். லாப்ரடார்களில் இப்படிப்பட்டவை ஏராளம். அதற்குக் கால் துவளாது, தண்ணீரில் இறங்கலாம், வாத்து எடுக்கலாம், பத்து வருடம் வேட்டையாடலாம். குட்டி போடவைப்பதில்தான் கவனம். இன்னொரு சுமக்கும் நாயோடு சேர்த்தால் குட்டிகளில் நாலில் ஒன்றுக்குக் கோளாறு வரலாம். கருப்பிக்குச் "சுமப்பது" என்று முடிவு வந்தால், "ஐயோ, இது வேட்டைக்கு ஆகாது, என்னிடம் வேறு நாய் இருக்கிறது" என்று அந்த ஆள் சொல்வார். நம்பாதீர்கள். அதே ஆள் தன் நாயைப் பற்றி "சோதனை செய்தாகிவிட்டது" என்பார். அதையும் நம்பாதீர்கள். சோதனை செய்தது வேறு, தேறியது வேறு. காகிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

இந்த ஐந்து வாரத்தை இப்படிச் செலவிடுங்கள். இன்றே லெப்டோ (எலிக்காய்ச்சல்) தடுப்பூசி முதல் தவணை, மூன்று நாலு வாரத்தில் இரண்டாவது. ஒரு ஊசி போட்டால் போட்டதாக ஆகாது. பந்தை மாற்றி மிதக்கும் பயிற்சி டம்மிக்கு வாருங்கள், குளத்திலிருந்து ஏரிக்கு வாருங்கள். பந்துக்காக வாயைத் திறந்தே நீந்தினால் தண்ணீர் ஏகமாக உள்ளே போகும், அதுவே ஒரு ஆபத்து. பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டு, அவற்றின் கயிறு காலில் சுற்றிக்கொண்டால் என்ன செய்வாள் என்று ஆழமில்லாத இடத்தில் பாருங்கள். வெடிச் சத்தத்தைத் தூரத்திலிருந்து ஆரம்பியுங்கள். அவள் டம்மியைத் துரத்திக்கொண்டிருக்கும்போது நண்பர் இருநூறு அடிக்கு அப்பால் ஒரு தடவை சுடட்டும். தலை திரும்பவே இல்லை என்றால் அடுத்த நாள் கொஞ்சம் கிட்ட. காதை மடக்கி உங்கள் காலடிக்கு வந்தால் இந்த சீசனை மறந்துவிடுங்கள்.

நீங்கள் விசா பற்றி எழுதவில்லை. எச்1பி என்றால் இதைச் சொல்லாமல் விட முடியாது. அந்த விசாவில் இருப்பவர், அமெரிக்காவில் வாங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இல்லாமல், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். நண்பர் "சும்மா பிடி" என்று நீட்டினாலும் கை நீட்டாதீர்கள். மற்றதை வக்கீலிடம் கேளுங்கள், நான் நாய் டாக்டர். வேட்டைக்காரருக்கு மாநில உரிமம் ஒன்று, மாநில முத்திரை ஒன்று, 25 டாலர் கூட்டாட்சி முத்திரை ஒன்று, பறவைக் கணக்குப் பதிவு ஒன்று. ஒரே பறவைக்கு நாலு காகிதம். அதை எல்லாம் உங்கள் நண்பர் பார்த்துக்கொள்ளட்டும்.

போகும் முன், இருபத்துநாலு மணி நேர விலங்கு மருத்துவமனை அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மணிக்கணக்கில் ஓட்ட வேண்டிவரலாம். எடுத்து வந்த வாத்தை அவளை மெல்லவிடாதீர்கள், பச்சையாகவும் போடாதீர்கள். 2023இல் கனடாவின் ஒஷாவாவில் காட்டு கூஸ் வாத்தைக் கடித்த நாய் ஒன்று பறவைக் காய்ச்சலில் இறந்தது. வீட்டுக்கு வந்ததும் காதைத் துடையுங்கள்.

மறுநாள் காலை கருப்பியின் வால் ஈரத்துணி போலத் தொங்கினால் பதறி ஓடி வராதீர்கள். அதிகம் நீந்தினால் வால் சதை பிடித்துக்கொள்ளும். சில நாளில் தானாக ஆட ஆரம்பித்துவிடும். ஒரு வாரம் ஆகியும் ஆடவில்லை என்றால் கூட்டி வாருங்கள்.