மூன்று ஓடிடியிலும் பிரீமியம் எடுக்கலாமா?

கேள்வி: “வீட்டில் நான்கு பேர். 43 இன்ச் 4கே டிவி ஒன்று, 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. அம்மாவுக்கு விஜய் டிவி சீரியல், அப்பாவுக்குக் கிரிக்கெட், தங்கைக்குக் கொரியத் தொடர்கள், எனக்குப் புதுத் தமிழ்ப் படங்கள். நெட்ஃபிளிக்ஸ், பிரைம், ஜியோஹாட்ஸ்டார் மூன்றிலும் பெரிய பிளானாகப் போட்டுவிடலாமா? வருஷத்துக்கு 6,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.”

போட வேண்டாம். உங்கள் வீட்டுக்கு ஒன்றே ஒன்றுதான் வருஷம் முழுக்கத் தேவை. இன்னொன்றை வருஷச் சந்தாவாக எடுத்தால் லாபம். மூன்றாவதை வேண்டிய மாதத்தில் மட்டும் போட்டு எடுத்துவிடலாம். பிரீமியம் என்ற பெயருக்காக எதிலும் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பிரீமியம் பிளான் எடுத்தால் கூடுதல் படங்கள் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸில் அப்படி இல்லை. 149 ரூபாய்க்கும் 649 ரூபாய்க்கும் படங்களின் பட்டியல் ஒன்றுதான். மாறுவது படத்தின் தெளிவும் (480பி, 720பி, 1080பி, 4கே என்று கூடிக்கொண்டே போகும்), ஒரே நேரத்தில் எத்தனை திரையில் ஓடும் என்பதும்தான். 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தபோது வந்த பட்டியல் இது: மொபைல் 149 ரூபாய், 480பி, போனிலும் டேப்லெட்டிலும் மட்டும், பேசிக் 199, ஒரு திரை (அப்போது 480பி, பிறகு 720பி ஆனது), ஸ்டாண்டர்ட் 499, 1080பி, இரண்டு திரை, பிரீமியம் 649, 4கே, நான்கு திரை. கட்டுவதற்கு முன் ஒருமுறை இன்றைய விலையைச் சரிபாருங்கள். ஸ்டாண்டர்டுக்கும் பிரீமியத்துக்கும் மாதம் 150, வருஷத்துக்கு 1,800 ரூபாய் வித்தியாசம். அந்தக் காசுக்கு உங்கள் ஹாலில் ஏதாவது தெரியுமா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே டேப் வைத்து அளந்து பாருங்கள். சாதாரணப் பார்வை உள்ளவருக்கு 43 இன்ச் திரையில் 1080பி படத்தின் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிவது சுமார் ஐந்தரை அடிக்குள் உட்கார்ந்தால்தான். 55 இன்சுக்கு ஏழு அடி, 65 இன்சுக்கு எட்டரை அடி. நம் வீடுகளில் டிவி ஒரு சுவரில், சோபா எதிர்ச்சுவரில். குறைந்தது எட்டு அடியாவது இருக்கும். அந்தத் தூரத்தில் 43 இன்ச் டிவியில் 4கேயையும் 1080பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் பிரித்துச் சொல்வது கஷ்டம். உண்மையாகவே கண்ணுக்குப் படும் வித்தியாசம் எச்டிஆர், டால்பி விஷன் தரும் வெளிச்சமும் நிறமும். நெட்ஃபிளிக்ஸில் அதுவும் பிரீமியத்தில்தான் வரும். ஆனால் குறைந்த விலை டிவிகளில் பெட்டி மேல் எச்டிஆர் என்று அச்சிட்டிருந்தாலும், அதைக் காட்டும் அளவுக்குத் திரைக்கு வெளிச்சம் இருக்காது. நல்ல ஓஎல்இடி, அல்லது பின்னொளி பகுதி பகுதியாக அணையும் டிவி வைத்திருப்பவர்கள் தாராளமாக 649 கட்டலாம், காசு வீண் போகாது. மற்றவர்களுக்கு ஸ்டாண்டர்ட் போதும்.

ஏற்கெனவே பிரீமியம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைச் செய்து பாருங்கள். டிவியில் நெட்ஃபிளிக்ஸைத் திறந்து, தேடும் இடத்தில் ‘டெஸ்ட் பேட்டர்ன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, வருவதை ஓட விடுங்கள். திரையின் மூலையில் இரண்டு எண்கள் தெரியும்: ஒன்று வேகம், இன்னொன்று படத்தின் அளவு. தொடக்கத்தில் குறைவாக இருந்து, கொஞ்ச நேரத்தில் படிப்படியாக ஏறும். 3840 பெருக்கல் 2160 வரை, அதாவது 4கே வரை ஏறினால் கொடுத்த காசுக்குப் பொருள் வருகிறது. 1920 பெருக்கல் 1080-லேயே, அதாவது 1080பியிலேயே நின்றுவிட்டால் எங்கோ அடைப்பு.

அடைப்பு எங்கே என்று தேடினால் பெரும்பாலும் நான்கு இடத்தில் ஒன்றாக இருக்கும். முதலாவது, ஓடிடி பார்க்க டிவியோடு செருகியிருக்கும் ஸ்டிக். 1080பி வரைதான் கொடுக்கும் ஸ்டிக்கை 4கே டிவியில் செருகினாலும் 1080பிதான் வரும். இரண்டாவது, எச்டிஎம்ஐ வழி. 4கே படத்துக்கு எச்டிசிபி 2.2 என்ற, திருட்டு நகலைத் தடுக்கும் பூட்டு முறை வழி நெடுக இருக்க வேண்டும். நடுவில் பழைய ஸ்பிளிட்டரோ பழைய ஹோம் தியேட்டரோ இருந்தால் படம் 1080பிக்கு இறங்கிவிடும். சில பழைய 4கே டிவிகளில் ஒரே ஒரு எச்டிஎம்ஐ துளைதான் இதற்கு ஒத்துழைக்கும். துளை மாற்றிச் செருகிப் பாருங்கள். மூன்றாவது, யாரும் கவனிக்காதது: கணக்குப் பக்கத்தில் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் டேட்டா எவ்வளவு செலவாகலாம் என்ற அமைப்பு இருக்கிறது. எப்போதோ போன் டேட்டாவை மிச்சம் பிடிக்க ‘லோ’ என்று வைத்திருந்தால், அந்தப் புரொஃபைலில் டிவியிலும் மங்கலாகத்தான் ஓடும். பிரவுசரில் போய் ‘ஆட்டோ’ அல்லது ‘ஹை’ ஆக்குங்கள்.

நான்காவது வைஃபை. பில்லில் 100 எம்பிபிஎஸ் என்று இருப்பது ரவுட்டர் வரைக்கும்தான். இரண்டு சுவர் தாண்டி டிவிக்குப் போவது வேறு கணக்கு. நெட்ஃபிளிக்ஸ் 4கேக்கு 15 எம்பிபிஎஸ், 1080பிக்கு 5, 720பிக்கு 3 கேட்கிறது. இரவு ஒன்பது மணிக்கு, தெருவே பார்க்கும் நேரத்தில், டிவிக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு ஃபாஸ்ட் டாட் காம் திறந்து பாருங்கள். அது நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் தளம், அவர்களுடைய சர்வரிலிருந்தே வேகத்தை அளக்கும். 15-க்குக் கீழே காட்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள், முடிந்தால் லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். டிவியின் லேன் துளை 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தாலும் 4கேக்கு அது தாராளம்.

ஃபைபர் இல்லாமல் போன் ஹாட்ஸ்பாட்டில் டிவி பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை, 4கேயில் 7 ஜிபி வரை போகும். ஒரு நாளைக்கு 2 ஜிபி தரும் ரீசார்ஜில் எச்டி படம் நாற்பது நிமிஷம் தாண்டாது. அங்கே பிரீமியம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி எதை வாங்குவது. தமிழ்ப் படங்களுக்கு ஒரே ஆப் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லோகேஷ் கனகராஜ் படங்களையே பாருங்கள்: 2022-ல் வந்த விக்ரம் ஹாட்ஸ்டாரில், 2023-ல் வந்த லியோ நெட்ஃபிளிக்ஸில், 2025-ல் வந்த கூலி பிரைமில். டிஜிட்டல் உரிமை படத்துக்குப் படம் தனியாக விலை போகிறது. இயக்குநரையோ நடிகரையோ வைத்து எந்த ஆப்பில் வரும் என்று கணிக்க முடியாது. டிவி உரிமை வேறு, ஓடிடி உரிமை வேறு. சன் டிவியில் ஓடும் படம் அவர்களுடைய ஆப்பான சன் நெக்ஸ்டில் இருந்தாக வேண்டும் என்றும் இல்லை. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் தியேட்டருக்கு வந்து சில வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடும். எந்த ஆப் என்பதும் அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஜஸ்ட்வாட்ச் தளத்தில் நாட்டை இந்தியா என்று வைத்துப் படத்தின் பெயரைத் தேடினால் எந்த ஆப்பில் இருக்கிறது என்று காட்டும். பார்க்க வேண்டிய பத்துப் படங்களை எழுதி, எதிரே ஆப்பின் பெயரைக் குறித்தாலே அந்த மாதம் எதற்குக் காசு கட்ட வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

உங்கள் வீட்டில் நிரந்தரமாக இருக்க வேண்டியது ஜியோஹாட்ஸ்டார். விஜய் டிவி சீரியல், பிக் பாஸ், ஐபிஎல் எல்லாம் அங்கேதான். ஐபிஎல் இணைய உரிமை 2027 வரை அவர்கள் கையில். 2025 பிப்ரவரி 14-ல் ஜியோசினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் ஒன்றானபோது வைத்த வருஷ விலை: மொபைல் 499, சூப்பர் 899, பிரீமியம் 1,499. பிறகு விலை ஏறியிருக்கிறது, இன்றைய விலையைப் பார்த்துக் கீழே வரும் கூட்டலையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். சூப்பரில் விளம்பரம் வரும், 1080பி, இரண்டு திரை. பிரீமியத்தில் 4கே, நான்கு திரை, விளம்பரம் இல்லை. ஆனால் நேரலை விளையாட்டில் பிரீமியத்திலும் விளம்பரம் உண்டு. ஆகவே அப்பாவின் கிரிக்கெட்டுக்காகப் பிரீமியம் எடுப்பதில் பலன் குறைவு. அம்மாவுக்குச் சீரியல் நடுவே விளம்பரம் தொல்லை என்றால் மட்டும் யோசியுங்கள். கேபிளிலோ டிடிஎச்சிலோ விஜய் டிவி வருகிறதா? அப்படியென்றால் இதையும் ஐபிஎல் சமயத்தில் ஒரு மூன்று மாதத்துக்கு எடுத்தால் போதும். இணையத்தில் வரும் மேட்ச், டிடிஎச்சில் வருவதைவிடப் பல நொடி பின்தங்கித்தான் ஓடும். பக்கத்து வீட்டில் விக்கெட்டுக்குக் கத்தும்போது உங்கள் டிவியில் பந்துவீச்சாளர் ஓடிவந்துகொண்டிருப்பார். அது உங்கள் இணைப்பின் கோளாறு இல்லை, எந்தப் பிளானிலும் சரியாகாது.

அமேசான் பிரைமில் மாதச் சந்தா 299, வருஷச் சந்தா 1,499. ஐந்து மாதக் காசுக்கு ஒரு வருஷம். வருஷத்தில் ஐந்து மாதத்துக்கு மேல் பார்ப்பீர்கள் என்றாலோ, பொருள் வாங்கும்போது டெலிவரிச் சலுகை உதவும் என்றாலோ வருஷமாக எடுங்கள். 799 ரூபாய் லைட் பிளானில் 720பி, ஒரு திரை. பெரிய டிவிக்கு அது பொருந்தாது. 2025 ஜூன் முதல் சாதாரண பிரைமிலும் விளம்பரம் வருகிறது. அதை நீக்க வருஷத்துக்கு 699 அல்லது மாதம் 129 கூடுதல். நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும் ஒரு மாதத்துக்கு 129 கட்டலாம், வருஷம் முழுக்க 699 தேவையில்லை. ஒன்று கவனம்: பிரைமில் ‘ரென்ட்’ என்று காட்டும் படங்கள் சந்தாவில் அடங்காது, தனிக் காசு. கட்டிய பிறகு தொடங்க 30 நாள் அவகாசம், பிளே அழுத்திவிட்டால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும். பாதி பார்த்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தால் பூட்டிவிடும்.

நெட்ஃபிளிக்ஸில் வருஷச் சந்தா என்றே கிடையாது, அதனால் மாதம் விட்டு மாதம் எடுப்பதில் ஒரு பைசா நஷ்டமில்லை. தங்கையின் கொரியத் தொடர்களையும் தமிழ்ப் படங்களையும் பட்டியலில் சேரவிட்டு, வருஷத்தில் நான்கு மாதம் ஸ்டாண்டர்ட் எடுங்கள். எடுத்த அன்றே கேன்சல் அழுத்திவிடலாம், கட்டிய மாதம் முடியும்வரை ஓடும். தமிழ் டப்பிங் வேண்டுமென்றால் காசு கட்டும் முன்பே நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் அந்தத் தொடரின் பக்கத்தில் ஆடியோ மொழிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கை வெளியூர் விடுதிக்குப் போகிறவர் என்றால் இன்னொரு சிக்கல்: 2023 ஜூலை முதல் இந்தியாவிலும் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான். அங்கே தனி டிவியில் போட்டால் தடுக்கும். பிரைமில் மொத்தம் ஐந்து கருவி, அதில் டிவி இரண்டுதான்.

மேலே சொன்ன விலைகளில் கூட்டிப் பார்த்தால் 899 + 1,499 + நான்கு முறை 499, மொத்தம் 4,394 ரூபாய். மூன்றிலும் உச்ச பிளான் என்றால் 7,788 + 2,198 + 1,499, அதாவது 11,485. உங்கள் 6,000-ல் மிச்சமிருப்பதில் ஒரு மாதம் சன் நெக்ஸ்ட் போட்டுப் பழைய தமிழ்ப் படங்களை ஒரு சுற்றுப் பார்க்கலாம். ஆஹா தமிழ், ஜீ5 எல்லாம் குறிப்பாக ஒரு தொடர் பிடித்திருந்தால் மட்டும்.

ரீசார்ஜோடு ஓடிடி இலவசம் என்று வருவதை வாங்குமுன் எந்தப் பிளான் என்று படியுங்கள். போன் ரீசார்ஜில் வருவது பெரும்பாலும் மொபைல் பிளான், டிவியில் ஓடாது. ரீசார்ஜ் செய்ததோடு நிற்காமல் ஆபரேட்டரின் ஆப்பில் போய் ஆக்டிவேட் செய்ய வேண்டும். செய்யாமல் விட்டு, அதே சந்தாவுக்குத் தனியாகவும் காசு கட்டும் வீடுகள் நிறைய. ஃபைபர் இணைப்போடு வரும் நெட்ஃபிளிக்ஸ் பேசிக் பிளான் டிவியில் ஓடும், ஆனால் 720பி. டெலிகிராமில் நூறு ரூபாய்க்குப் பத்து ஓடிடி என்று விற்பவர்களிடம் போகவே போகாதீர்கள். அடுத்தவர் கணக்கின் பாஸ்வேர்டைத்தான் விற்கிறார்கள், எந்த நாளும் பூட்டிப்போகும்.

மாதம் மாறிமாறி எடுப்பதில் கோட்டைவிடும் இடம், மாதாமாதம் தானாகவே பணம் எடுக்கும் ஆட்டோபே. ஆப்பைப் போனிலிருந்து அழித்தால் சந்தா நிற்காது. எந்த வழியில் கட்டினீர்களோ அந்த வழியில்தான் நிறுத்த வேண்டும்: பிளே ஸ்டோர் வழியாக என்றால் பிளே ஸ்டோரின் சப்ஸ்கிரிப்ஷன் பக்கத்தில், ஆப்பிள் வழியாக என்றால் ஐபோன் செட்டிங்ஸில், நேரடியாக என்றால் அந்தந்தத் தளத்தின் கணக்குப் பக்கத்தில். யுபிஐ என்றால் ஜிபேயிலோ போன்பேயிலோ ஆட்டோபே பகுதியில் அந்த அனுமதி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வந்தாக வேண்டும். அது வந்த அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். பணம் போன பிறகு மீதி நாளுக்குத் திருப்பித் தரமாட்டார்கள்.