சுங்கை சிப்புட் தொகுதியின் தேர்தல் வரலாறு: கேள்வி பதில்

பதில் கூறுபவர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் ஓய்வுபெற்று வாழும் வரலாற்று ஆசிரியர். பல பொதுத் தேர்தல்களில் வாக்குச்சாவடி அதிகாரியாகப் பணியாற்றியவர்.

கேள்வி (கோலகங்சார்): சுதந்திரம் முதல் 2008 வரை இந்தத் தொகுதி ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கையிலேயே இருந்தது என்பது சரிதானா?

சரியே. 1955 தேர்தலில் ம.இ.கா. தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் வென்றது கிந்தா உத்தாரா தொகுதியில். 1959 முதல் அவர் சுங்கை சிப்புட்டின் உறுப்பினராக இருந்தார். 1964, 1969 தேர்தல்களிலும் வென்றார். அவர் இவ்வூரிலேயே பிறந்தவர் என்பதும், இங்குள்ள மகாத்மா காந்தி கலாசாலை அவரால் உருவானது என்பதும், 1960இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களின் தொழிலாளர்கள் மாதந்தோறும் பணம் கட்டிப் பங்குதாரர் ஆனார்கள் என்பதும் அந்த வெற்றிகளுக்குப் பின்னால் இருந்த பலம். 1973இல் அவர் கட்சித் தலைமையை விட்டு விலகினார். 1974இல், குளுவாங்கில் பிறந்த ச. சாமிவேலு இங்கு நிறுத்தப்பட்டார். 2004 வரை எட்டுத் தேர்தல்களில் தொடர்ந்து வென்றார். அவருக்குப் பின் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ், அடுத்து எஸ். கேசவன். 1959 முதல் 2022 தேர்தல் வரை இத்தொகுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் நால்வர் மட்டுமே.

கேள்வி (தைப்பிங்): இந்தியர்கள் பெரும்பான்மையாக வாழ்வதால்தானே இந்தியர்களே வெல்கிறார்கள்?

இல்லை. நாட்டின் 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றில்கூட இந்திய வாக்காளர்கள் பெரும்பான்மையாக இல்லை. சுங்கை சிப்புட்டும் அதற்கு விலக்கன்று. 1955இல் நாடு முழுவதும் பதிவுபெற்ற வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மலாய்க்காரர்கள். தோட்டத்து மக்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமையே கிடைத்திராத காலம் அது. அன்றும் சம்பந்தன் வென்றார் என்றால், ம.இ.கா. சேர்ந்திருந்த கூட்டணிக் கட்சியின் தொகுதிப் பங்கீடும் மற்ற இனத்தாரின் வாக்கும் இல்லாமல் அது நடந்திராது. இங்கு மலாய்க் கம்பங்கள் (கிராமங்கள்), ஜாலோங் பக்கத்துச் சீனப் புதுக்கிராமங்கள், உட்பகுதியில் தெமியார் பூர்வகுடியினரின் குடியிருப்புகள், தோட்டங்கள், பட்டணம் எல்லாம் சேர்ந்துதான் முடிவைத் தருகின்றன. வாக்குச்சீட்டில் இனம் எழுதியிருக்காது என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

கேள்வி (சுங்கை சிப்புட்): 2008இல் சாமிவேலு தோற்றதற்கு உண்மைக் காரணம் ஹிண்ட்ராஃப் என்ற இந்து உரிமை இயக்கமா, டாக்டர் ஜெயக்குமாரின் உழைப்பா? எங்கள் வீட்டிலேயே இதற்குச் சண்டை நடக்கிறது.

உங்கள் வீட்டில் மட்டுமன்று. முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்: ஜெயக்குமார் 16,458, சாமிவேலு 14,637, பெரும்பான்மை 1,821. வாக்களிப்பு நாளான மார்ச் 8 சாமிவேலுவின் பிறந்தநாளும்கூட.

இந்தத் தொகுதி வரலாற்றாசிரியனுக்கு ஒரு வசதியைச் செய்து தந்திருக்கிறது. ஜெயக்குமார் 1999இல் ஜ.செ.க.வின் (ஜனநாயக செயல் கட்சி) ராக்கெட் சின்னத்தில் நின்று தோற்றார். அவரது மலேசிய சோசலிசக் கட்சிக்கு அப்போது பதிவு கிடைக்கவில்லை. 2008 தேர்தல் முடிந்த பிறகுதான் கிடைத்தது. எனவே 2004இலும் 2008இலும் மக்கள் நீதிக் கட்சியான பி.கே.ஆர். சின்னத்தில் நின்றார். அவ்விரு தேர்தல்களிலும் வேட்பாளர் அதே மனிதர், சின்னமும் அதே சின்னம், எதிராளியும் மாறவில்லை. 2003இல் வகுத்த எல்லையும் அப்படியே இருந்தது. முதல் முறை படுதோல்வி, அடுத்த முறை வெற்றி. மாறாதவை மாற்றத்துக்குக் காரணமாக இருக்க முடியாது. மாறியது, 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் ஹிண்ட்ராஃப் திரட்டிய கூட்டமும், டிசம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதன் தலைவர்கள் ஐவர் கைதானதும், அவற்றால் லயம் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) தோறும் எழுந்த கோபமுமே.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் டாக்டரின் உழைப்புக்கு மதிப்பே இல்லையா?

அப்படி நான் எழுதவில்லை. கோபம் சாமிவேலுவிடமிருந்து வாக்குகளைப் பிரித்தது. பிரிந்த வாக்கு நம்பிப் போய்ச் சேர ஓர் ஆள் வேண்டுமல்லவா? லயத்தை விட்டு வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்த வீடுகளுக்கு நடந்தே போய், சம்பளச் சீட்டையும் நோட்டீசையும் பார்த்து வழி சொன்னவர் அவர். அது பல ஆண்டு வேலை. அலை மட்டுமே போதுமென்றால், அலை தணிந்த 2013இல் கேமரன் மலையிலிருந்து வந்த ம.இ.கா.வின் தேவமணியை அவர் 21,593க்கு 18,800 என்று வென்றிருக்க முடியாது. பெரும்பான்மை 2,793 ஆக உயரவே செய்தது.

கேள்வி (ஈப்போ): ஆசிரியரின் வாதம் ஒருதலையானது. 2013இல் வென்றதும் பி.கே.ஆர். சின்னம்தான். 2018இல் சொந்தச் சின்னத்தில் நின்றபோது என்ன ஆயிற்று?

இந்தக் கேள்வியை வரவேற்கிறேன். என் வாதத்தின் மறுபாதியை நீங்களே எடுத்துக்கொடுத்துவிட்டீர்கள். 2018இல் பி.கே.ஆர். இருந்த நம்பிக்கைக் கூட்டணியுடன் (பக்காத்தான் ஹராப்பான்) உடன்பாடு ஏற்படாததால் அவர் சோசலிசக் கட்சியின் கைமுட்டிச் சின்னத்தில் நின்றார். நம்பிக்கைக் கூட்டணியின் கேசவன் 20,817, தேவமணி 15,210, இஸ்லாமியக் கட்சியான பாஸ் 5,194, ஜெயக்குமார் 1,505. மொத்த வாக்கில் எட்டில் ஒரு பங்கு பெறாதவர் வைப்புத் தொகையை இழப்பார் என்பது விதி. கூட்டிப் பார்த்தால் அவரும் பாஸ் வேட்பாளரும் அந்த வரம்பைத் தொடவில்லை என்பது தெரியும். பத்தாண்டு உறுப்பினராக இருந்தவருக்கு இந்த நிலை.

வாக்கெண்ணும்போது அதிகாரி ஒவ்வொரு சீட்டையும் தூக்கிப் பிடித்து வேட்பாளர்களின் முகவர்களுக்குக் காட்ட வேண்டும். அவ்வாறு 2018இல் நான் காட்டிய சீட்டுகளில், கைமுட்டிக்கு எதிரே கோடு போடத் தொடங்கி நிறுத்தியது போன்ற ஒரு புள்ளியும், கீழே பி.கே.ஆரின் கண் சின்னத்துக்கு எதிரே அழுத்தமான குறியும் இருந்த சீட்டு ஒன்று இன்னும் நினைவில் நிற்கிறது. அதைச் செல்லும் என்பதா, செல்லாது என்பதா என்று முகவர்கள் வாதாடினார்கள். அன்று மக்கள் தேர்ந்தெடுக்க வந்தது உறுப்பினரையன்று, ஆட்சியை. தீபகற்பத்தில் அந்தக் கூட்டணி முழுவதும் பி.கே.ஆர். சின்னத்திலேயே நின்றதால், ஆட்சி மாற்றம் வேண்டுவோருக்குத் தேட வேண்டிய சின்னம் ஒன்றே ஒன்றுதான். ஆகவே உங்கள் பக்கமும் பாதி நியாயம் உண்டு: உழைப்பு இல்லாமல் 2008 இல்லை, சின்னம் இல்லாமல் 2018 இல்லை. முழு நியாயமும் எனக்கே என்று இரு வீட்டாரும் கேட்டால் என்னால் தர இயலாது.

கேள்வி (பத்துகாஜா): இந்தியர் வாக்கு எந்தக் கட்சிக்கு எத்தனை விழுக்காடு என்று சொல்ல முடியுமா?

முடியாது. காரணம் தைப்பிங் வாசகருக்கான பதிலில் இருக்கிறது.

கேள்வி (கம்பார்): இளைஞர்கள் எப்படி வாக்களித்தார்கள் என்பதையாவது அறிய வழியுண்டா?

உண்டு. ஒவ்வொரு வாக்குச்சாவடியும் சாலுரான்களாக (தனித்தனி வாக்களிப்பு வரிசைகளாக) பிரிக்கப்படுகிறது. முதல் சாலுரானில் வயது முதிர்ந்தவர்கள், கடைசியில் இளையவர்கள். ஒவ்வொரு சாலுரானுக்கும் தனித்தனியாக, வாக்கு எண்ணிக்கையைக் காட்டும் 14ஆம் பாரம் நிரப்பப்பட்டு முகவர்கள் கையெழுத்திடுகிறார்கள். அவற்றை வரிசையாக வைத்தால் வயது வாரியான போக்கு கிடைக்கும். ஆனால் என் வழக்கமான எச்சரிக்கை: 2013ஐயும் 2018ஐயும் சாவடி வாரியாக ஒப்பிடுமுன் 2018 எல்லை மறுசீரமைப்பில் அந்தச் சாவடி எங்கே போனது என்று பாருங்கள். 2022ஐச் சேர்க்கும்போது, 18 வயது வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்ததால் பட்டியலே வேறாகிவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி (சுங்கை சிப்புட்): என் பெயர் எந்தச் சாவடியில் இருக்கிறது?

தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைத் தட்டிப் பாருங்கள்.

கேள்வி (சித்தியவான்): 2022இல் ம.இ.கா. தலைவர் விக்னேஸ்வரன் தோற்றது இந்தியர்கள் கைவிட்டதால்தானே?

மூன்றாவது முறை இதே கேள்வி. கேசவன் 21,637, விக்னேஸ்வரன் 19,791; வித்தியாசம் 1,846. பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணியின் வேட்பாளரும் களத்தில் இருந்தார். முன்பு ம.இ.கா. சேர்ந்திருந்த தேசிய முன்னணிக்கு ஒரே மூட்டையாக விழுந்த மலாய் வாக்குகளை இரு அணிகள் பங்கு போட்டுக்கொண்ட தேர்தல் அது. எந்தச் சாவடியில் எவ்வளவு சிதறியது என்று 14ஆம் பாரங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம். இன விழுக்காடு கேட்டு வரும் கேள்விகளுக்கு இனிமேல் பதில் கிடையாது.