ஆலிவர் குரோம்வெல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாற்பது வயதைக் கடக்கும்வரை போர்க்களத்தையே காணாத ஒருவர் இங்கிலாந்தின் தலைவரானது எப்படி?

பதில்: ஹண்டிங்டனில் 1599இல் பிறந்த குரோம்வெல், மன்னர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் 1642இல் போர் மூண்டபோது, அதிகம் அறியப்படாத ஓர் உறுப்பினர். தாம் திரட்டிய குதிரைப்படைக்குக் குலப்பெருமை பாராமல், தூய்மைவாதப் (கண்டிப்பான புராட்டஸ்டன்ட் சமய) பற்றும் கட்டுப்பாடும் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்தார். 1645இல் நேஸ்பியில், மன்னர் தரப்பில் போரிட்ட இளவரசர் ரூப்பர்ட்டின் குதிரை வீரர்கள் தப்பியோடியவர்களைத் துரத்திக்கொண்டு களத்தை விட்டே அகன்றுவிட, குரோம்வெல்லின் வீரர்கள் மீண்டும் அணிதிரண்டு மன்னரின் காலாட்படையைத் தாக்கினார்கள். போரின் முடிவை அதுவே தீர்மானித்தது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் படைப்பதவிகளைத் துறக்க வேண்டும் என்ற அவ்வாண்டின் ஆணையிலிருந்து அவருக்கு விலக்கு கிடைத்ததையும் மறந்துவிடக் கூடாது. நாடாளுமன்றம், படை ஆகிய இரண்டிலும் கால் ஊன்றியிருந்த மிகச் சிலருள் அவர் ஒருவர்.

கேள்வி: மன்னரைக் கொல்ல அவர் தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டாரா?

பதில்: இல்லை என்பதே என் கருத்து. 1647இல் அவர் மன்னருடன் உடன்பாடு காணவே முயன்றார். மன்னரோ ஸ்காட்லாந்தினருடன் இரகசியமாக ஒப்பந்தம் செய்துகொண்டு, 1648இல் இரண்டாம் போருக்கு வழிவகுத்தார். அதன்பின் படையின் பொறுமை எல்லை கடந்தது. சமரசம் நாடிய உறுப்பினர்களைப் படையினர் டிசம்பரில் அவைக்குள் நுழையவிடாமல் தடுத்தனர். எஞ்சியவர்கள் அமைத்த நீதிமன்றத்தின் தீர்ப்புப்படி 1649 ஜனவரி 30 அன்று மன்னரின் தலை வெட்டப்பட்டது. ஆணையில் கையொப்பமிட்ட 59 பேரில் குரோம்வெல் மூன்றாமவர்.

கேள்வி: கிறிஸ்துமஸைத் தடைசெய்தவர் அவர்தானே?

பதில்: அந்தத் தடை நாடாளுமன்றம் 1647இல் பிறப்பித்தது, அப்போது அவர் ஆட்சித்தலைவர் அல்லர்.

கேள்வி: அயர்லாந்தில் அவர் இன்றும் வெறுக்கப்படுவது ஏன்?

பதில்: 1649 செப்டம்பரில் திரோகடா நகரைக் கைப்பற்றியபோது, கோட்டைக் காவற்படையினரும் கத்தோலிக்கக் குருமார்களும் கொன்று குவிக்கப்பட்டார்கள், அதை இறைவனின் நீதி என்று அவரே எழுதினார். கத்தோலிக்கர்களின் நிலங்கள் பின்னர் பெருமளவில் பறிக்கப்பட்டன. போர்க்கால வழக்கம் என்று இதற்குச் சமாதானம் கூறுவோருடன் நான் உடன்படவில்லை.

கேள்வி: அவரைச் சர்வாதிகாரி எனலாமா?

பதில்: நாடாளுமன்றத்தின் பெயரால் போரிட்ட அவரே 1653 ஏப்ரலில் படைவீரர்களை அழைத்து அதைக் கலைத்தார். ஆயினும், அவ்வாண்டு டிசம்பரில் அவரைப் பாதுகாவலர் (நாட்டின் ஆட்சித்தலைவர்) ஆக்கிய எழுத்து வடிவ அரசியலமைப்பு, ஆட்சி மன்றத்தையும் முறையான நாடாளுமன்றத்தையும் அவருக்குக் கடிவாளமாக வைத்திருந்தது. 1655இல் நாட்டைப் பல வட்டாரங்களாகப் பிரித்துப் படைத்தலைவர்களிடம் அவர் ஒப்படைத்ததுதான் மக்களின் பெரும் வெறுப்பைத் தேடித் தந்தது. 1657இல் நாடாளுமன்றம் அவருக்கு மன்னர் பட்டத்தை அளிக்க முன்வந்தபோது வாரக்கணக்கில் தயங்கி மறுத்தார். மனச்சான்று ஒரு காரணம். மூத்த படையதிகாரிகளின் எதிர்ப்பு இன்னொன்று.

கேள்வி: அவர் மறைந்தவுடன் ஆட்சி ஏன் சரிந்தது?

பதில்: 1658 செப்டம்பர் 3இல் அவர் இறந்ததும் மகன் ரிச்சர்ட் பொறுப்பேற்றார். படை நடத்திய அனுபவமற்ற அவரை அதிகாரிகள் மதிக்கவில்லை. 1659 மே மாதம் அவர் விலகினார். 1660இல் இரண்டாம் சார்லஸ் திரும்பி வர வழிதிறந்தவர் ஜார்ஜ் மங்க். அவர் ஸ்காட்லாந்தில் குரோம்வெல் அமர்த்தியிருந்த அதே படைத்தலைவர்.